லிங்கன் பூட்டினார், நண்பர் திறந்தார்

1861-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி. அதிகாலை 2 மணி.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் காக்கீஸ்வில் என்று ஓர் ஊர். அங்கே ஜான் மெர்ரிமன் என்ற பண்ணைக்காரர் தூங்கிக்கொண்டு இருந்தார். பட்டாளத்தார் வந்தார்கள். அவரைப் படுக்கையில் இருந்து எழுப்பினார்கள். பால்டிமோர் துறைமுகத்தில் உள்ள மெக்ஹென்றி கோட்டைக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள்.

வாரண்டு இல்லை. வழக்கும் இல்லை. எந்த நீதிபதியும் அவரை விசாரிக்கவில்லை.

இப்படிப் பிடித்து அடைக்கப் பட்டாளத்துக்கு அதிகாரம் கொடுத்தவர் யார்?

ஆபிரகாம் லிங்கன்! அடிமை விலங்கை உடைத்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே லிங்கன்தான்.

வண்டிப் பயணம்

லிங்கன் 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி கெண்டக்கியில் ஒரு மரக் குடிசையில் பிறந்தார். 9 வயதில் தாயை இழந்தார். அவர் பள்ளிக்கூடம் போன நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு வருடம் தேறாது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆகவே வக்கீல் லிங்கனுக்கு வருவோம்.

1836-ல் அவருக்கு வக்கீல் உரிமை கிடைத்தது. இல்லினாய்ஸ் மாநிலத்தில் அந்தக் காலத்தில் நீதிபதி ஒரே ஊரில் உட்கார்ந்திருக்க மாட்டார். ஊர் ஊராகப் போய் கோர்ட்டு நடத்துவார். அவருக்குப் பின்னாலேயே வக்கீல்களும் குதிரையிலும் வண்டியிலும் போவார்கள்.

அப்படிப் போன நீதிபதிகளில் ஒருவர், டேவிட் டேவிஸ். சுமார் 300 ராத்தல் எடை உள்ள பெரிய மனிதர். லிங்கனோ, உயரமான ஒல்லி. சேறும் சகதியுமான பாதைகளில் இருவரும் வருடக்கணக்கில் சேர்ந்து பயணம் செய்தார்கள். சத்திரங்களில் தங்கினார்கள். இரவில் கதை பேசிச் சிரித்தார்கள்.

1860-ல் சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாடு கூடியது. அங்கே ஓடியாடி ஆதரவு திரட்டி, லிங்கனை ஜனாதிபதி வேட்பாளர் ஆக்கியவர் இந்த டேவிஸ்தான். அவருடைய பெயரை மறந்துவிடாதீர்கள். கடைசியில் வருவார்.

தலைநகருக்கு ஆபத்து

1861 மார்ச் 4-ந் தேதி லிங்கன் பதவி ஏற்றார். பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர், சுப்ரீம் கோர்ட்டு தலைமை நீதிபதி ரோஜர் டானி. கறுப்பர்கள் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்று 1857-ல் தீர்ப்புச் சொன்னவர் அவர். இருவருக்கும் ஒத்துப் போகுமா?

ஏப்ரல் 12-ந் தேதி தென் மாநிலப் படை சம்ட்டர் கோட்டை மீது பீரங்கி சுட்டது. உள்நாட்டுப் போர் மூண்டது.

தலைநகர் வாஷிங்டனுக்குத் தெற்கே வர்ஜீனியா. அது எதிரியோடு சேர்ந்துகொண்டு இருந்தது. வடக்கே மேரிலாந்து. அங்கும் பாதிப் பேருக்கு எதிரியின் மேல்தான் பாசம். வடக்கே இருந்து பட்டாளம் வர வேண்டுமானால் பால்டிமோர் வழியாகத்தான் ரெயிலில் வர வேண்டும்.

ஏப்ரல் 19-ந் தேதி பால்டிமோரில் ஒரு கும்பல் பட்டாளத்தைத் தாக்கியது. சிப்பாய்கள் சுட்டார்கள். சிப்பாய்கள் 4 பேரும், பொதுமக்கள் 12 பேரும் செத்தார்கள். அன்று இரவே ரெயில் பாலங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. தந்திக் கம்பிகளும் அறுக்கப்பட்டன. தலைநகர் தனித்து நின்றது.

ஏப்ரல் 27-ந் தேதி லிங்கன் தளபதி ஸ்காட்டுக்கு ஓர் உத்தரவு அனுப்பினார். பிலடெல்பியாவுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே உள்ள ராணுவப் பாதையில், அவசியப்பட்டால் ஹேபியஸ் கார்ப்பஸ் உரிமையை நிறுத்தி வைக்கலாம் என்பது உத்தரவு.

ஹேபியஸ் கார்ப்பஸ் என்றால், நம் கோர்ட்டுகளிலும் உள்ள ஆட்கொணர்வு மனுதான். ஒருவரை அடைத்து வைத்தால், அவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்திக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சரியில்லை என்றால் விட்டுவிட வேண்டும்.

கலகம் வந்தாலும், படையெடுப்பு வந்தாலும் இந்த உரிமையை நிறுத்தலாம் என்று அமெரிக்க அரசியல் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் நிறுத்துகிறவர் யார்? ஜனாதிபதியா, காங்கிரசு என்ற பாராளுமன்றமா? அது சொல்லப்படவில்லை. காங்கிரசின் அதிகாரங்களைப் பற்றிய பகுதியில் அந்த வரி இருக்கிறது, அவ்வளவுதான்.

கோட்டை வாசலில்

மெர்ரிமன் மீது குற்றச்சாட்டு, ரெயில் பாலங்களை எரித்தார் என்பது. அவர் சார்பில் வக்கீல்கள் டானியிடம் மனுக் கொடுத்தார்கள். டானிக்கு அப்போது 84 வயது. கைதியைக் கொண்டு வா என்று கோட்டைத் தளபதி காட்வாலடருக்கு உத்தரவு போட்டார்.

தளபதி வரவில்லை. ஓர் அதிகாரியை அனுப்பி, ஜனாதிபதி தனக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார் என்று சொல்லச் சொன்னார். கோர்ட்டு அவமதிப்புக்காகத் தளபதியைப் பிடித்துவர, டானி ஒரு மார்ஷலை அனுப்பினார். அவரைக் கோட்டை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்!

கிழவர் சளைக்கவில்லை. இந்த உரிமையை நிறுத்தும் அதிகாரம் காங்கிரசுக்கு மட்டுமே உண்டு, ஜனாதிபதிக்கு இல்லை என்று தீர்ப்பு எழுதி, ஒரு பிரதியை லிங்கனுக்கே அனுப்பினார்.

லிங்கன் கைதியை விடவில்லை. ஜூலை 4-ந் தேதி காங்கிரசு கூடியபோதுதான் விளக்கம் சொன்னார். ஆபத்து வந்த நேரத்தில் காங்கிரசு கூடும்வரை காத்திருக்க முடியாது. ஒரே ஒரு சட்டத்தைக் காப்பாற்றுவதற்காக மற்ற எல்லாச் சட்டங்களையும், அரசாங்கத்தையும் பறிகொடுப்பதா என்று கேட்டார்.

மெர்ரிமன் ஏழு வாரத்தில் ஜாமீனில் வெளியே வந்தார். வழக்கு விசாரணைக்கே வரவில்லை.

அதே கோட்டையில் நடந்த இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1814 செப்டம்பரில் ஆங்கிலேயர் அதைக் குண்டு வீசித் தாக்கியபோது, விடிந்தும் கொடி பறந்ததைக் கண்டு பிரான்சிஸ் கீ என்பவர் பாடல் எழுதினார். பின்னாளில் அதுவே அமெரிக்க தேசிய கீதம் ஆயிற்று. சரியாக 47 ஆண்டுக்குப் பிறகு, 1861 செப்டம்பர் 13-ந் தேதி, அவருடைய பேரன் பிராங்க் ஹோவர்டைப் பட்டாளம் பிடித்து அந்தக் கோட்டையில் அடைத்தது. அவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். டானியின் மனைவியோ, அந்தக் கவிஞரின் தங்கை!

ரெயில் பாதையைத் தாண்டி

பாலம் எரிந்துகொண்டு இருக்கும்போது லிங்கன் செய்ததைக் குறை சொல்வது கடினம். ஆனால் பூட்டு ஒரே இடத்தில் நிற்கவில்லை.

1862 செப்டம்பர் 22-ந் தேதி, அடிமைகளை விடுவிக்கப் போவதாக லிங்கன் அறிவித்தார். இரண்டே நாள். 24-ந் தேதி இன்னோர் அறிவிப்பு. பட்டாளத்தில் சேராதே என்று தடுப்பவர்களை நாட்டின் எந்த மூலையிலும் பிடித்து ராணுவ விசாரணை நடத்தலாம் என்றது அது.

1863 மே மாதம் ஒகையோ மாநிலத்தில் வாலண்டிகாம் என்ற அரசியல்வாதியைப் பட்டாளம் நள்ளிரவில் பிடித்தது. அவர் செய்தது என்ன? போரை எதிர்த்துப் பேசினார். ராணுவ மன்றம் சிறைத் தண்டனை விதித்தது. லிங்கனுக்குத் தர்மசங்கடம். தண்டனையை மாற்றி, எதிரியின் எல்லைக்குள் கொண்டுபோய் விடச் சொன்னார். ஜூன் மாதம் ஒரு தளபதி சிகாகோ டைம்ஸ் பத்திரிகையை மூடினார். அதை மறுபடி திறக்க உத்தரவிட்டவர் லிங்கன்தான்.

போர் முடிவதற்குள் பட்டாளம் பிடித்து அடைத்த பொதுமக்கள் 13 ஆயிரத்துக்கும் மேல் என்பது ஆராய்ச்சியாளர்கள் கணக்கு. ஆனாலும் 1864 தேர்தலை லிங்கன் தள்ளிப் போடவில்லை. தான் தோற்கலாம் என்று நினைத்தபோதும் நடத்தினார்.

டேவிஸ் வந்தார்

1864 அக்டோபரில் இண்டியானா மாநிலத்தில் லாம்டின் மில்லிகன் என்ற வக்கீல் பிடிபட்டார். சதி செய்ததாகக் குற்றச்சாட்டு. ராணுவ மன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. அது நிறைவேறும் முன்பே, 1865 ஏப்ரல் 14-ந் தேதி லிங்கன் நாடகக் கொட்டகையில் சுடப்பட்டு, மறுநாள் இறந்தார். புதிய ஜனாதிபதி ஜான்சன் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. 9 நீதிபதிகள். அவர்களில் 5 பேர் லிங்கன் நியமித்தவர்கள். அவர்களில் ஒருவர், டேவிட் டேவிஸ்!

இறந்துபோன நண்பரின் ஆட்சியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். லிங்கனின் சொத்துக் கணக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தவரும் அதே டேவிஸ்தான்.

1863-ல் காங்கிரசு ஒரு சட்டம் செய்து, ஜனாதிபதிக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. ஆனால் கைதிகளின் பட்டியலை நீதிபதிகளுக்குக் கொடுக்க வேண்டும். ஜூரி கூடிக் குற்றம் சாட்டாமல் கலைந்தால் கைதியை விட வேண்டும் என்று நிபந்தனையும் போட்டிருந்தது. இண்டியானாவில் ஜூரி கூடிக் கலைந்தது. மில்லிகன் மீது குற்றம் சாட்டவில்லை.

1866 ஏப்ரலில் 9 பேரும் ஒருமுகமாக, அவரை விடுதலை செய்யச் சொன்னார்கள். டிசம்பரில் டேவிஸ் விரிவான தீர்ப்பை எழுதினார். இண்டியானாவில் சண்டை நடக்கவில்லை, கோர்ட்டுகள் திறந்திருந்தன, அப்படிப்பட்ட இடத்தில் பொதுமகனைப் பட்டாளம் விசாரிக்க ஜனாதிபதியும் உத்தரவிட முடியாது, காங்கிரசும் உத்தரவிட முடியாது என்றார். காங்கிரசைப் பற்றிய பகுதிக்கு மட்டும் 4 நீதிபதிகள் உடன்படவில்லை.

இந்தத் தீர்ப்பு ஏட்டில் தூங்கவில்லை. 2004-ல், ஆப்கானிஸ்தானில் பிடிபட்ட ஹம்டி என்ற அமெரிக்கக் குடிமகனின் வழக்கிலும் நீதிபதிகள் இதைப் புரட்டினார்கள். அவர் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று முடிவு ஆயிற்று. அது சிறையில் இருந்தவர் கதை. ஆளில்லா விமானத்தில் இருந்து குண்டு போடுவது வேறு. அமெரிக்கக் குடிமகனான அவ்லாக்கியைக் கொல்லக் கூடாது என்று அவருடைய தந்தை போட்ட வழக்கு 2010-ல் தள்ளுபடி ஆனது. மறு வருடம் ஏமன் நாட்டில் அவர் கொல்லப்பட்டார்.

மில்லிகன் என்ன ஆனார்? வெளியே வந்ததும், தன்னைப் பிடித்த ராணுவ அதிகாரிகள் மேல் நஷ்டஈடு வழக்குப் போட்டார். சுப்ரீம் கோர்ட்டில் அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் கார்பீல்டு. நஷ்டஈடு வழக்கில் அதிகாரிகளுக்காக வாதாடியவர் பெஞ்சமின் ஹாரிசன். இருவருமே பின்னாளில் ஜனாதிபதி ஆனார்கள்.

1871-ல் ஜூரி முடிவு சொன்னது. மில்லிகனை அடைத்தது தவறு என்று ஒப்புக்கொண்டது.

நஷ்டஈடு, 5 டாலர்!