ஜி. என். ராமச்சந்திரன்

எக்ஸ் கதிர்ப் படத்தில் விழுவது வெறும் நிழல். முன்னுள்ளதும் பின்னுள்ளதும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அந்நிழல்களிலிருந்து பொருளின் கனவடிவை மீட்பது எப்படி? இந்தக் கேள்வி பல வேடங்களில் ராமச்சந்திரனைத் தொடர்ந்தது.

1922 அக்டோபர் 8-இல் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். 1942-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தவரைப் பௌதிகத்துக்கு இழுத்துக்கொண்டவர் ஸர் சி. வி. ராமன். 1944-இல் ராமச்சந்திரன் ஒரு வேலை செய்தார். வைரத் தகட்டின்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தி, அதன் அணுத்தளங்கள் திருப்பியனுப்பிய கதிரைக் கொண்டே தகட்டின் முழு உருவத்தையும் பிலிமில் பதித்தார். உள்ளே ஒழுங்கு குலைந்த இடங்கள் கருமை வேறுபாடாகத் தெரிந்தன. அறுக்கவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம்! இன்று உலோகத் துண்டைச் சிறிது சிறிதாகச் சுழற்றிப் பல படங்கள் எடுத்து, உள்ளிருக்கும் படிக மணிகளைக் கனவடிவில் வரைகிறார்களே, அந்தக் கலையின் முன்னோர்களில் இதுவும் ஒன்று.

1949-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். 1952-இல் துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார் அவரைச் சென்னைப் பல்கலைக் கழகப் பௌதிகத் துறைக்குத் தலைவராக்கினார். வயது முப்பதுகூட நிறையவில்லை. தோலுக்கும் தசைநாணுக்கும் வலுத்தரும் கொல்லாஜன் மூன்று இழைகள் பின்னிய புரி என்று 1954-55-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து காட்டினார். அணுக்கள் மிக நெருங்கிவிட்டன என்று கிரிக்கும் ரிச்சும் குறை கூறினர். அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று அளந்து பார்க்கப் புகுந்ததன் பலனே 1963-இல் வெளிவந்த ராமச்சந்திரன் வரைபடம். புரத ஆராய்ச்சியாளர் இன்றும் அதை வைத்தே தம் வடிவங்களைச் சரிபார்க்கின்றனர். எதிர்ப்பை இவ்வளவு நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் சிலரே.

1970-இல் சென்னையை விட்டார். மறு ஆண்டே ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் பழைய நிழற் கேள்விக்கு வந்தார். அதுவரை ஃபூரியர் மாற்றம் என்னும் நீண்ட கணக்கைக் கம்ப்யூட்டர் செய்தாக வேண்டியிருந்தது. இவர்கள் அதைத் தவிர்த்தார்கள். நிழலின் ஒவ்வொரு புள்ளியையும் அதன் அண்டைப் புள்ளிகளோடு குறித்த விகிதத்தில் கூட்டிக் கழித்து, வந்த வழியே திரும்பப் பரப்பினால் உருவம் கிடைத்துவிடும். கணக்கும் விரைந்தது, படமும் தெளிந்தது.

1979-இல் ஸ்கேன் கருவிக்காக நோபெல் பரிசு கார்மாக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கிடைத்தது. நம்மவருக்கு அநீதி நேர்ந்தது என்பாருண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கார்மாக் 1963-லேயே கணக்கை வெளியிட்டவர். ஹவுன்ஸ்ஃபீல்டு கருவியையே செய்தவர். கொல்லாஜனுக்கு ஒன்றும் கிடைக்காததுதான் என் வருத்தம்.

1999-இல் படிகவியலின் எவால்ட் பரிசு வந்தது. 2001 ஏப்ரல் 7-இல் சென்னையில் காலமானார். தாராவியிலிருந்து சயான் ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறவர் அவர் பெயரைக் கேட்டிருக்க மாட்டார். நிழலிலிருந்து உருவம் செய்யும் கம்ப்யூட்டர் நிரல்களில் மட்டும் ராம்-லாக் என்று இருவர் பெயரும் சுருங்கி நிற்கின்றன.