பாக்கெட்டே இல்லாதவர் பத்திரப்படுத்திய பொருள்கள்... காந்தியின் இன்னொரு கதை!

உங்க பாக்கெட்ல இப்போ என்னவெல்லாம் இருக்கு? செல்போன், பர்ஸ், வண்டிச் சாவி... இதெல்லாம் தேவைக்கு. இதைத் தவிர, எந்தத் தேவையும் இல்லாத ஒரு பொருளும் இருக்கும் பாருங்க. விரலில் வைத்துச் சுற்றும் ஸ்பின்னர், தாத்தா கொடுத்த பழைய காசு, கோயில் வாசலில் வாங்கிய டாலர்... டென்ஷன் வந்தால் கை தானாக அதைத் தேடிப் போகும். இந்த மாதிரி குட்டிப் பொருள்களுக்கென்றே இன்று ஆன்லைனில் தனிக் கடைகள் இருக்கின்றன. பித்தளையில், டைட்டானியத்தில் எனச் செய்து, ஆயிரக்கணக்கில் விலை வைக்கிறார்கள்.

சரி, சட்டையே போடாத ஒருவர் எதைப் பத்திரமாக வைத்திருந்திருப்பார்? காந்தியைத்தான் சொல்கிறேன். அவர் கையில் வைத்திருந்த சின்னச் சின்னப் பொருள்களை வரிசையாகப் பார்த்தாலே, அவருடைய வாழ்க்கை எப்படி மாறியது என்பது புரிந்துவிடும்.

தங்கச் சங்கிலி கேட்ட தம்பி

1869 அக்டோபர் 2-ல் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், 1888-ல் சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பல் ஏறினார். போன புதிதில் அவருக்கும் நம்ம வீட்டுப் பையன்கள் மாதிரி ஸ்டைல் மோகம் வந்தது. பாண்ட் ஸ்ட்ரீட்டில் 10 பவுண்டு கொடுத்து கோட் சூட் தைத்துக்கொண்டார். தலைக்கு உயரமான பட்டுத் தொப்பி. கடிகாரத்தைக் கோக்க வெறும் சங்கிலி போதாது என்று, ஊரில் இருந்த அண்ணனுக்கு எழுதி இரட்டை வடத் தங்கச் சங்கிலியே வரவழைத்தார்! நடனமும் வயலினும்கூடக் கற்றுப் பார்த்தார். சில மாதங்களில் அந்த மோகம் தெளிந்துவிட்டது.

1893-ல் வேலைக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே நடந்த போராட்டங்கள் நமக்குத் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத ஒன்று 1901-ல் நடந்தது. அவர் ஊர் திரும்பப் போகிறார் என்றதும் நேட்டால் இந்தியர்கள் தங்கமும் வைரமுமாகப் பரிசுகளைக் கொட்டினார்கள். தங்கக் கடிகாரம், தங்கச் சங்கிலி, வைர மோதிரம், கஸ்தூரிபாவுக்கென்று 50 கினி மதிப்புள்ள நெக்லஸ். அன்று இரவு காந்திக்குத் தூக்கமே வரவில்லை. சேவைக்குக் கூலி வாங்கலாமா என்று மனசு அரித்தது. எல்லாவற்றையும் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட முடிவு செய்தார்.

கஸ்தூரிபா சும்மா விடவில்லை. நாளைக்கு மருமகள்கள் வந்தால் என்ன போடுவது என்று கேட்டார். உங்கள் சேவைக்குப் பின்னால் இரவு பகலாக நான் உழைத்ததும் சேவைதானே, என் நெக்லஸைக் கொடுக்க நீங்கள் யார் என்றும் கேட்டார். நியாயமான கேள்வி! காந்தி அதற்குச் சரியான பதில் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனாலும், நகைகள் பேங்குக்குப் போயின.

தொலைந்துபோன பென்சில்

இத்தனை தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தவர், ஒரு துண்டுப் பென்சிலுக்காக அறையையே புரட்டிப்போட்டார் என்றால் நம்புவீர்களா?

1915-ல் காந்தி நிரந்தரமாக இந்தியா திரும்பினார். அந்த ஏப்ரலில் சென்னை வந்தபோது, பதிப்பாளர் ஜி.ஏ.நடேசன் வீட்டில் தங்கினார். நடேசனின் சின்ன மகன் ஆசையாக ஒரு பென்சில் கொடுத்தான். அதே வருஷக் கடைசியில் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போன இடத்தில் அதைக் காணவில்லை. பக்கத்தில் இருந்த காகா காலேல்கர் தன் பென்சிலை நீட்டினார். காந்தி வாங்கவில்லை. குழந்தை அன்பாகக் கொடுத்ததைத் தொலைக்க முடியாது என்று தேடச் சொன்னார். கடைசியில் கிடைத்தது. நீளம் 2 அங்குலம்கூட இல்லை!

மதுரையில் போன சட்டை, கைக்கு வந்த தக்ளி

1921 செப்டம்பர் 22. மதுரை மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோது, தொப்பியையும் மேல்சட்டையையும் விட்டுவிட்டு, முழங்கால் வரைக்குமான வேட்டிக்கு மாறினார் காந்தி. ஏழைகளுக்குக் கதர் வாங்கக் காசில்லை என்ற நிலையில், தான் மட்டும் முழு உடை உடுத்துவது உறுத்தியது. அன்றோடு பாக்கெட்டும் போனது. கடிகாரம் இடுப்பில் தொங்க ஆரம்பித்தது.

நூற்பதற்குப் பெரிய ராட்டையை எல்லா இடத்துக்கும் தூக்கிப்போக முடியாது இல்லையா? அதற்குத்தான் தக்ளி. ஒரு மெல்லிய கம்பி, அடியில் ஒரு சின்ன வட்டு, அவ்வளவுதான். விரலால் ஒரு சுண்டு சுண்டினால் சுழலும், பஞ்சு நூலாக இறங்கும். அந்தக்கால ஆதாரப் பள்ளியில் படித்த தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்க, கதை கதையாகச் சொல்வார்கள். இன்றைய ஸ்பின்னரைச் சுற்றினால் மனசு கொஞ்சம் லேசாகும். தக்ளியைச் சுற்றினால் மனசும் லேசாகும், கையில் நூலும் மிஞ்சும்!

இளம்பிள்ளை மாதிரி தறிச் சத்தத்தில் கண்விழிக்கிற ஊர்க்காரர்களுக்கு நூலின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பக்கத்து மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் 1925 பிப்ரவரியில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். திறந்து வைத்தவர் பெரியார். அடுத்த மாதமே காந்தி வந்து பார்த்தார். மழை பொய்த்து வயல் வேலை இல்லாத நாள்களில், சுற்றுவட்டார கிராமத்துப் பெண்களுக்கு நூற்புக் கூலிதான் கைகொடுத்தது.

கதருக்கு நிதி திரட்டிய காலத்துக் கதை ஒன்றும் உண்டு. ஒரிசாவில் கூன் விழுந்த ஒரு பாட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு செப்புக் காசைக் காந்தியின் காலடியில் வைத்தாராம். நிதிக்குக் கணக்கு வைத்திருந்த ஜம்னாலால் பஜாஜ் அதைக் கேட்டபோது, காந்தி கொடுக்க மறுத்துவிட்டாராம். லட்சம் வைத்திருப்பவர் ஆயிரம் கொடுப்பது பெரிதல்ல, இருந்த ஒரே காசையும் கொடுத்தவர் இந்தப் பாட்டி என்பது அவர் கணக்கு.

திருடன் திருப்பித் தந்த கடிகாரம்

1947. நாடு சுதந்திரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கலவரங்களும் நடந்துகொண்டிருந்தன. கான்பூர் ரயில் நிலையக் கூட்டத்தில் காந்தியின் ஜெனித் கடிகாரத்தை யாரோ அடித்துவிட்டார்கள். இந்திரா பரிசாகக் கொடுத்தது அது. ஆசையாக வைத்திருந்த பொருள் என்பதால் வருத்தத்தை வெளிப்படையாகவே சொன்னார். சுமார் ஆறு மாதம் கழித்து, எடுத்தவரே தேடி வந்து திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார்.

1948 ஜனவரி 30. படேலுடன் பேச்சு நீண்டதால் பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டது. இடுப்புக் கடிகாரத்தைக் கவனிக்கவே இல்லையே என்று ஆபா சீண்டினார். நேரம் சொல்ல நீங்கள் இருக்கும்போது அதை எதற்குப் பார்க்க வேண்டும் என்று சிரித்தார் காந்தி. தாமதமானதில் அவருக்கு வருத்தம்தான். சில நிமிடங்களில், மாலை 5.17-க்கு, குண்டுகள் பாய்ந்தன.

2009 மார்ச்சில் காந்தியின் ஜெனித் கடிகாரம், கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு எல்லாம் நியூயார்க்கில் ஏலம் போயின. விலை 18 லட்சம் டாலர். வாங்கியவர் மதுபான அதிபர் விஜய் மல்லையா! காந்தியின் கொள்கைவழி ராஜாஜி 1937-ல் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்த சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது இன்னும் வேடிக்கையாக இருக்கும்.

பென்சிலை அவருக்கு ஒரு குழந்தை கொடுத்தது. செப்புக் காசு ஒரு பாட்டி கொடுத்தது. கடிகாரம் ஒரு மகள் மாதிரி இருந்தவர் கொடுத்தது. அவர் கைவிட்டவையெல்லாம் விலை உயர்ந்தவை. விடாமல் பிடித்துக்கொண்டவை யாரோ அன்பாகக் கொடுத்தவை. அடுத்த முறை ஆன்லைனில் ஒரு காசையோ ஸ்பின்னரையோ கார்ட்டில் போடும் முன், இதை ஒரு நிமிஷம் யோசிங்க.

நூற்றாண்டு விழாவுக்காக 1969-ல் காந்தி முகம் பதித்து 20 பைசா, 50 பைசா, 1 ரூபாய், 10 ரூபாய் நாணயங்களை வெளியிட்டார்கள். மஞ்சள் நிற 20 பைசா இன்றும் பல வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும். கண்ணில் பட்டால், அதை முதலில் எடுத்து வைத்தது யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்க. அந்தப் பதில் தெரிந்த பிறகு அதைப் பாக்கெட்டில் போட்டுக்கோங்க.