இரண்டு மாத்திரைகளைத் தந்த டாக்டர் எல்லாப்ரகட சுப்பாராவ்

என் மனைவிக்கு முடக்குவாதம். செம்பூரில் எங்கள் டாக்டர் எழுதித் தந்த சீட்டில் மீத்தோட்ரெக்ஸேட், ஃபோலிக் ஆசிட் என்று இரண்டு மாத்திரைகள் இருந்தன. முன்னதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். அடியேன் ரசாயனம் படித்த பி.எஸ்ஸி.; முப்பது வருடங்களுக்கு மேல் சர்க்கார் கோப்புகளில் பிறர் தவறுகளைத் திருத்தியவன். அப்படியிருந்தும் மாத்திரை டப்பாவின் ஏழு அறைகளிலும் அதைப் போட்டு வைத்துவிட்டேன். நாட்டுப்பெண் கவனித்துச் சொல்லியிராவிட்டால் விபரீதமாகியிருக்கும். தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உற்பத்தி குன்றி, உயிருக்கே ஆபத்து. அந்தப் பதற்றத்தில் இம்மருந்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு மாத்திரைகளுமே ஒரு நம் நாட்டவரின் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் பிறந்தவை என்று அறிந்தேன்.

சுப்பாராவ் 12-1-1895 அன்று ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்தார். சிறு வயதில் படிப்பில் நாட்டமில்லை. காசிக்குப் போய் யாத்ரீகர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று வீட்டை விட்டு ஓடியவரைப் பிடித்துக்கொண்டு வந்து மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார்கள். மெட்ரிகுலேஷன் தேறியது மூன்றாவது முயற்சியில், அதுவும் நம் திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில். பிறகு பிரசிடென்ஸி கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. காந்திஜியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தி வந்தது வெள்ளைக்கார சர்ஜரி பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்கு ஒரு படி குறைந்த எல்.எம்.எஸ். பட்டத்துடன் வெளியே வந்தார்.

அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற நோயால் சில நாட்கள் இடைவெளியில் காலமானார்கள். உண்டது உடம்பில் ஒட்டாமல், பேதியும் சோகையுமாக ஆளை உருக்கிவிடும் வியாதி அது. அவரையும் அது விடவில்லை. டாக்டர் ஆசண்ட லக்ஷ்மிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்து, சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். மாமனாரும் ஒரு தர்ம ஸ்தாபனமும் உதவ, 1922 அக்டோபரில் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்து, நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவிப் பிழைப்பை நடத்தினார்.

ஹார்வர்டில் ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து, ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். உயிர் வேதியியல் பயின்றவர்களுக்கு அந்த ஜோடிப் பெயர் பரிச்சயம். தசைக்குச் சக்தி தரும் பாஸ்போகிரியாட்டினை 1927-லும், ஏ.டி.பி.யை 1929-லும் கண்டறிந்தனர். பின்னதை அதே சமயம் ஜெர்மனியில் லோமனும் கண்டார். இத்தனைக்கும் ஹார்வர்டு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-ல் நியூயார்க் அருகே பேர்ல் ரிவரிலிருந்த லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார்.

இங்கே நம் பம்பாய்க்கும் ஒரு பங்குண்டு. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில டாக்டர் இங்கு வந்து, மில்களில் வேலை செய்த கர்ப்பிணிகளின் கடும் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாரமான மார்மைட் அதைக் குணப்படுத்துவதைக் கண்டார். அதிலிருந்த அந்தப் பொருள்தான் ஃபோலிக் ஆசிட். அதை 1945-ல் செயற்கையாகத் தயாரித்தது சுப்பாராவின் குழு. அதே ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து 1948-ல் ஆரியோமைசின் வந்தது. டக்கர் என்பவர் கண்டெடுத்த முதல் டெட்ராசைக்ளின் அது. வெப்ப நாட்டு ஸ்ப்ரூவுக்கு இன்றும் கொடுப்பது ஃபோலிக் ஆசிட்டும் டெட்ராசைக்ளினும்தான். சகோதரர்கள் இருவருக்கும் அது முப்பது வருடம் பிந்திய மருந்து.

செல்கள் பெருக ஃபோலிக் ஆசிட் வேண்டும். அதே உருவில், பூட்டில் நுழையும் ஆனால் திறக்காத கள்ளச் சாவி போன்ற பொருள்களை அவருடைய குழு செய்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை 1947 கடைசியில் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தார். பதினாறு பேரில் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. தற்காலிகமாகத்தான், ஆனால் அதுவரை அதுகூட நடந்ததில்லை. அதன் தம்பிதான் மீத்தோட்ரெக்ஸேட். ஊரிலிருந்து உறவினர்கள் வந்து செம்பூரில் தங்கி, குர்லாவில் ரயில் மாறி, பரேல் டாடா ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இம்மருந்தால் பிழைத்த குழந்தைகள் ஏராளம். யானைக்கால் நோய்க்கான ஹெட்ரஸானும் இவருடைய குழு தந்ததே; கும்பகோணத்துக்காரர்களுக்கு அதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

9-8-1948 காலை, தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருந்தது. வயது 53. இந்தியா திரும்பவேயில்லை. கர்ப்பிணியாக விட்டுச் சென்ற மனைவியை மறுபடி பார்க்கவில்லை. பிறந்த பிள்ளையும் சிசுவாகவே போய்விட்டது. அந்த அம்மாளின் காத்திருப்பை அவருடைய பெருமைக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. 1995-ல் நம் தபால் இலாகா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இம்மருந்தைச் சாப்பிடும் அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு மாத்திரைகளும் பெரும்பாலும் மஞ்சள் நிறம். சில கம்பெனிப் பெயர்களும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும். எந்தக் கிழமை எது என்று டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். எங்கள் அகத்தில் மீத்தோட்ரெக்ஸேட் இப்போது டப்பாவில் இல்லை. தனிக் கவரில், ஞாயிறு என்று சிவப்பு மசியில் எழுதி, நாட்டுப்பெண் வசம் இருக்கிறது.