முடக்குவாத மாத்திரைக்குப் பின்னால்: யார் இந்த எல்லப்பிரகட சுப்பாராவ்?

குமாரலிங்கபுரமோ சென்னையோ, முடக்குவாதம்னு உறுதியானா டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதும் மருந்து மெத்தோட்ரெக்சேட். அதற்குப் பின்னால் இருப்பவர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்ததால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கிடைக்கல, எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கொடுத்தாங்க. அசராமல் அமெரிக்கா போனார். ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை, ஹார்வர்டில் ஃபிஸ்க்குடன் சேர்ந்து 1925-ல் வெளியிட்டார். அங்கேயும் நிரந்தர வேலை தரல. 1940-ல் லெடர்லி ஆய்வகத்துக்கு மாறினார். மெத்தோட்ரெக்சேட், அங்கே அவர் வழிநடத்திய ஆய்வில் பிறந்தது. முதல் இலக்கு ரத்தப் புற்றுநோய்.

1948-ல், 53 வயதில் மறைந்தார். முடக்குவாதத்துக்கு அந்த மருந்தை அமெரிக்கா அனுமதித்தது 1988-ல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்று ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சிசிபி என்ற ரத்தப் பரிசோதனைகள், மூட்டு வலிக்குச் சில வருஷம் முன்பே ஆபத்தைக் காட்டலாம். பாசிட்டிவ்னாலே நோய் வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்லை. ஆனா காலையில் விரல் விறைப்பும் வீக்கமும் சேர்ந்து வந்தா தள்ளிப்போடாதீங்க. மூட்டு சேதமாகும் முன்பே தடுக்க, டாக்டர் கண்காணிப்பில் எடுக்கும் மருந்து இருக்கு.