தூக்குப்பாலம் கண்ட ஷெர்சர்

பாம்பன் கால்வாயின் ஊடே கப்பல் செல்ல வேண்டும். அதன் குறுக்கே தொடர்வண்டியும் ஓட வேண்டும். இச்சிக்கலுக்கு விடையளித்த வடிவமைப்பு, பாம்பன் பாலம் திறக்கப்படுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட ஒரு பொறியாளருடையது.

வில்லியம் ஷெர்சர் 1858ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள பெரு என்னும் ஊரில் பிறந்தார். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பொறியியல் பயின்று, தாயகம் திரும்பிப் பிட்சுபர்க்கின் கீஸ்டோன் பாலக் குழுமத்தில் பணியாற்றினார். பின்னர்த் தனித்துத் தொழில் நடத்தினார்.

சிகாகோ ஆற்றின்மேல் நான்கு இருப்புப்பாதைகளைக் கொண்டுசெல்லும் பாலத்தை வடிவமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அக்காலத்தில் பெருவழக்காயிருந்த சுழல்பாலம், ஆற்றின் நடுவே ஊன்றிய தூணின்மேல் பக்கவாட்டில் திரும்புவது. வான் பியூரன் தெருவருகே அதற்கு இடமில்லை. எனவே, பாலத்தை மேல்நோக்கி எழச்செய்யத் துணிந்தார் ஷெர்சர். அதன் அடிப்பகுதியை வட்டவில்லாக வளைத்து, சாய்ந்தாடும் நாற்காலியைப்போலத் தளத்தின்மீது பின்னோக்கி உருளுமாறு அமைத்தார். கரைப்பக்கத்து எதிரெடை பாலத்தின் எடையைச் சமன்செய்தமையால், அதனை உயர்த்தச் சிறு விசையே போதுமாயிற்று.

தம் கருத்து உருப்பெறுவதைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1893 சூலையில், 35ஆம் அகவையில் மறைந்தார். காப்புரிமையும் அவர் மறைவுக்குப் பின்னரே வழங்கப்பெற்றது. உடன்பிறந்தாரான ஆல்பர்ட் அப்பணியைத் தொடர்ந்தார். 1895இல் சிகாகோவில் முதற்பாலம் எழுந்தது.

1914 பிப்ரவரி 24ஆம் நாள் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன் இடையே ஷெர்சரின் தூக்குப்பாலம் இரண்டு இறக்கைகளாக அமைந்தது. தொழிலாளர் நெம்புகோல்களைச் சுற்றிக் கைவலிமையாலேயே அவற்றை உயர்த்தினர். எதிரெடையின் பயன் அங்குப் புலனாயிற்று. தனுஷ்கோடி வரை தொடர்வண்டியும், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலும் சென்றன.

1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணியர் வண்டி ஒன்றையும் கடல் கொண்டது. பாம்பன் பாலத்தின் 145 கண்களுள் 126 கண்களின் உத்தரங்கள் வீழ்ந்தன. தூக்குப்பாலமோ பெருஞ்சேதமின்றி நின்றது. பழுதுற்ற பகுதிகள் 46 நாள்களில் சீரமைக்கப்பட்டன.

2022 டிசம்பரில் அப்பாலத்தில் தொடர்வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில், செங்குத்தாக உயரும் புதிய பாலம் அருகே திறக்கப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளே வாழ்ந்தவரின் வடிவமைப்பு, பாம்பன் கடலில் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கப்பலுக்கும் வண்டிக்கும் வழிவிட்டது.