போர்வையில் தைத்த சரிதை

போர்வை என்றால் நமக்குக் குளிருக்கு இதமான ஒரு பொருள்; பழையதானால் மடித்து மூலையில் வைத்துவிடுவோம். அந்தப் போர்வையையே ஏடாக்கி, தாம் நம்பியவற்றையும் கேட்டறிந்தவற்றையும் அதில் பதித்து வைத்தவர் ஹரியட் பவர்ஸ் அம்மையார்.

1837 ஒக்டோபர் 29 ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் நகருக்கு அண்மையில் அடிமையாகப் பிறந்தார். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது அங்கே சட்டப்படி குற்றம். ஆனால் ஊசி பிடிக்கத் தடை இருக்கவில்லை. 1865 இல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தது. பின்னர் கணவரோடு நான்கு ஏக்கர் நிலம் வாங்கி விவசாயம் செய்தார்.

பருத்தித் துணியில் உருவங்களை வெட்டி, அடித்துணியில் வைத்துத் தைப்பது அவரது முறை. கிறிஸ்தவரான அவரது போர்வை ஒன்றில் வேதாகமக் காட்சிகள் 11 கட்டங்களில் இருந்தன. நாமும் அறிந்த ஆதம் (அலை), ஹவ்வா, காபில், ஹாபில் ஆகியோரின் வரலாறும் அவற்றில் உண்டு. 1886 இல் ஏதென்ஸ் பருத்திக் கண்காட்சியில் அதைக் கண்ட ஓவிய ஆசிரியை ஜெனி ஸ்மித் விலைக்குக் கேட்டார். ஹரியட் கொடுக்கவில்லை.

சில ஆண்டுகளில் வறுமை நெருக்கியது. போர்வையைச் சாக்கில் சுற்றி, மாட்டு வண்டியில் கொண்டு சென்றார். கேட்டது 10 டொலர். கிடைத்தது 5 டொலர். பிரிய மனமின்றி, ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் சொல்லிவிட்டே கொடுத்தார். ஆசிரியை அதை எழுதி வைத்தார். பின்னரும் ஹரியட் பலமுறை வந்து தம் போர்வையைப் பார்த்துச் சென்றார்.

அவரது இன்னொரு போர்வையில் 15 கட்டங்கள். அய்யூப் (அலை), யூனுஸ் (அலை) ஆகியோரின் வரலாறுகளோடு, 1833 இல் விண்கற்கள் மழையாகப் பொழிந்த இரவு நடுக்கட்டத்தில் இருக்கிறது. அது அவர் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முந்திய நிகழ்ச்சி. பெரியோர் வாய்மொழியாகவே அவரை வந்தடைந்தது. இன்னொரு கட்டத்தில், ஜோர்ஜியாவிலிருந்து வேர்ஜீனியா வரை 500 மைல் ஓடியதாகச் சொல்லப்பட்ட ஒரு பன்றி. வேடிக்கைக் கதை போலத் தோன்றினாலும், தப்பியோட ஏங்கிய அடிமைகளின் நெஞ்சம் அதில் தெரிகிறது என்பர் ஆய்வாளர்.

1910 ஜனவரி முதலாம் திகதி அவர் காலமானார். இன்று ஒரு போர்வை வொஷிங்டன் ஸ்மித்சோனியன் நூதனசாலையிலும், மற்றையது பொஸ்டன் நூதனசாலையிலும் உள்ளன.

சகோதரிகளே, அன்று ஒருவர் கேட்டு எழுதியிராவிட்டால், ஆசிரியை வாங்கிய போர்வையின் பொருள் பலவும் நமக்குப் புரியாமலே போயிருக்கும். நம் வீட்டிலும் உம்மம்மா இழைத்த பாயோ, தைத்த தலையணை உறையோ இருக்கலாம். அவர் இருக்கும்போதே அதன் கதையைக் கேட்போம், எழுதி வைப்போம்.