கை கழுவச் சொன்னவரைக் கை கழுவினார்கள்

எழுதியது: ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

தலைவர்கள், கவிஞர்கள் பற்றி நம் சுவர்ப் பத்திரிகையில் நிறைய வந்துவிட்டது. நான் ஒரு டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் இக்னாஸ் செம்மல்வைஸ். வாயில் நுழையாத பெயர் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தால் வந்துவிடும்.

எங்க அம்மாச்சிக்கு ஒரு அக்கா இருந்தாங்க. முதல் பிள்ளை பெற்ற அஞ்சாம் நாள் ஜன்னி கண்டு இறந்துவிட்டார்களாம். குளிர்ந்த காற்று பட்டுவிட்டது என்று வீட்டில் இன்னமும் சொல்வார்கள். செம்மல்வைஸ் தன் வாழ்நாள் முழுக்கப் போராடியது இந்தப் பிரசவ ஜன்னியோடுதான். அதனால்தான் இவரைத் தேர்ந்தெடுத்தேன்.

இவர் 1818ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி ஹங்கேரி நாட்டில் புடா நகரில் பிறந்தார். அப்பா மளிகை வியாபாரி. சட்டம் படிக்க வியன்னாவுக்குப் போனவர், மனசு மாறி மருத்துவம் படித்தார். 1846இல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பகுதியில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். அவருடைய கதை உண்மையில் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அங்கே இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. முதல் வார்டில் டாக்டருக்குப் படிக்கும் மாணவர்கள் பிரசவம் பார்ப்பார்கள். இரண்டாவது வார்டில் மருத்துவச்சிக்குப் படிக்கும் பெண்கள் பார்ப்பார்கள். ஒரு நாள் வருகிறவர்களை முதல் வார்டிலும், மறுநாள் வருகிறவர்களை இரண்டாவதிலும் சேர்ப்பார்கள். 1846இல் முதல் வார்டில் 4010 பிரசவம் நடந்து 459 தாய்மார்கள் இறந்தார்கள். இரண்டாவது வார்டில் 3754 பிரசவத்தில் இறந்தது 105 பேர். பெரிய படிப்பு படிக்கிறவர்கள் இருக்கிற வார்டில்தான் சாவு அதிகம்! ஊர்ப் பெண்களுக்கும் இது தெரிந்திருந்தது. முதல் வார்டில் சேர்க்காதீர்கள் என்று முழங்காலில் விழுந்து கெஞ்சி அழுவார்களாம். இன்னொரு அதிசயம், ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்றவர்களுக்குக் கூட ஜன்னி குறைவாகத்தான் வந்தது.

கெட்ட காற்றுதான் காரணம் என்று பெரிய டாக்டர்கள் சொன்னார்கள். ஒரே கட்டிடம், ஒரே காற்று, அப்படியானால் ஒரு வார்டை மட்டும் எப்படிப் பிடிக்கும்? செம்மல்வைஸ் இப்படித்தான் யோசித்தார். கூட்டம் காரணமா என்று பார்த்தார். இரண்டாவது வார்டில்தான் கூட்டம் அதிகம், ஏனென்றால் எல்லோரும் அங்கே போகத்தான் துடித்தார்கள். இரண்டாவது வார்டில் தாயை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பிரசவம் பார்த்தார்கள். முதல் வார்டிலும் அப்படியே செய்ய வைத்தார். சாவு குறையவில்லை. சாகப் போகிறவர்களுக்காகப் பாதிரியார் மணியடித்துக்கொண்டு முதல் வார்டு வழியாகத்தான் போவார், அந்தப் பயத்தில் ஜன்னி வருமோ என்று ஒரு பேச்சு இருந்தது. மணி இல்லாமல் வேறு வழியாகப் போகச் சொன்னார். அப்போதும் குறையவில்லை. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். நாமாக இருந்தால் இரண்டு தடவை பார்த்துவிட்டு, விதி என்று விட்டிருப்போம்.

1847 மார்ச் மாதம் அவர் வெனிஸ் நகரத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது யாக்கோப் கொல்லெட்ச்கா என்ற நண்பர் உயிரோடு இல்லை. அவர் பிணப் பரிசோதனை சொல்லிக் கொடுக்கும் பேராசிரியர். பரிசோதனை நடந்தபோது ஒரு மாணவனின் கத்தி அவர் விரலில் பட்டிருக்கிறது. அந்தச் சின்னக் காயத்திலேயே காய்ச்சல் கண்டு போய்விட்டார். அவர் உடம்பைப் பரிசோதித்த குறிப்பைச் செம்மல்வைஸ் படித்தார். ஜன்னி கண்ட தாய்மார்களின் உடம்பில் என்னென்ன இருந்ததோ அதெல்லாம் இதிலும் இருந்தது. கொல்லெட்ச்கா ஆண், பிள்ளை பெறவில்லை. அப்படியிருக்க அதே நோய் எப்படி வந்தது?

பதில் கையில் இருந்தது. நிஜமாகவே கையில்தான். மாணவர்களும் டாக்டர்களும் காலையில் பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு, அதே கையோடு பிரசவ வார்டுக்கு வந்து தாய்மார்களைத் தொட்டுப் பார்த்தார்கள். மருத்துவச்சிப் பெண்களுக்குப் பிணப் பரிசோதனை கிடையாது. தெருவில் பிள்ளை பெற்றவர்களை இவர்கள் யாரும் தொடவில்லை. முடிச்சு எல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்ந்தது.

ஆனால் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று மற்றவர்களை விட அதிகமாகப் பிணங்களை அறுத்துப் பார்த்தவர் அவர்தான். அப்படியானால் அதிகமாக நோயைக் கொண்டு போனதும் அவர் கைதான். எத்தனை தாய்மார்கள் தன்னால் போனார்களோ, கடவுளுக்குத்தான் தெரியும் என்று பின்னாளில் தன் புத்தகத்திலேயே எழுதினார். இதை ஒளிக்காமல் எழுத எவ்வளவு மனசு வேண்டும்!

சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையில் பிண வாடை போகவில்லை. வாடை இருந்தால் அந்த விஷமும் இருக்கிறது என்று நினைத்தார். 1847 மே மாதத்தில் இருந்து குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் வார்டுக்குள் வரவேண்டும் என்று சட்டம் போட்டார். பிறகு விலை குறைவான குளோரின் சுண்ணாம்புக்கு மாறினார். வேறொன்றும் இல்லை, தண்ணீர்த் தொட்டியில் போடுகிற ப்ளீச்சிங் பவுடர்தான். ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார்கள் இறந்த வார்டில் ஜூனில் நூற்றுக்கு 2 பேர்தான் இறந்தார்கள். 1848 மார்ச்சிலும் ஆகஸ்டிலும் ஒருவர்கூட சாகவில்லை.

நடுவில் ஒரு அடியும் விழுந்தது. 1847 அக்டோபரில் முதல் கட்டிலில் கர்ப்பப்பை புற்றுநோய் உள்ள ஒரு பெண் படுத்திருந்தார். அவரைப் பரிசோதித்த கையோடு அடுத்தடுத்த கட்டில்களைப் பார்த்தார்கள். 12 பேரில் 11 பேர் இறந்துவிட்டார்கள். பிணத்தில் இருந்து மட்டுமல்ல, உயிரோடு இருப்பவர் புண்ணில் இருந்தும் வரும் என்று அப்போதுதான் புரிந்தது. அதன்பிறகு ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் கை கழுவ வைத்தார்.

இதற்கு மாலை மரியாதை செய்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? நோயைக் கொண்டு போவது டாக்டர் கைதான் என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? அவருடைய பேராசிரியர் கிளைனே ஏற்கவில்லை. 1849இல் வேலையை நீட்டித்துத் தரவில்லை. அடுத்த வருடம் ஒரு ஆசிரியர் வேலை கொடுத்தார்கள், அதுவும் பொம்மையை வைத்துத்தான் பாடம் நடத்தலாம் என்ற நிபந்தனையோடு. சில நாளிலேயே நண்பர்களிடம் கூடச் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார். அவருக்காகப் பேசிய நண்பர்களுக்கு அது வருத்தம்தான்.

எனக்குத் தோன்றுவது, இதில் அவர் பக்கமும் ஒரு தப்பு உண்டு. 1847இல் கண்டுபிடித்ததை 1861 வரை புத்தகமாக எழுதவில்லை. நண்பர்கள்தான் அவருக்காகப் பத்திரிகைகளில் எழுதினார்கள். கிருமி என்று ஒன்று இருப்பதும் அப்போது தெளிவாகத் தெரியாது, அதனால் ஏன் என்று கேட்டவர்களுக்கு முழு பதில் அவரிடமும் இல்லை. எழுதத் தொடங்கியபோது கோபம் மிஞ்சிவிட்டது. கை கழுவாத பேராசிரியர்களைக் கொலைகாரர்கள் என்றே பகிரங்கக் கடிதம் எழுதினார். கேட்க இருந்தவர்களும் காதை மூடிக்கொண்டார்கள்.

ஊரில் பெஸ்ட் நகரத்து மருத்துவமனையில் 1851 முதல் 1857 வரை 933 பிரசவங்களில் 8 பேர் மட்டும் ஜன்னியால் இறந்தார்கள். 1855இல் பேராசிரியர் ஆனார், 1857இல் மரியா என்பவரை மணந்தார். பிறகு மெல்ல மெல்ல மனநிலை கெட்டது. 1865 ஜூலை கடைசியில் ஏதோ மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கலாம் என்று அழைத்துப் போய் வியன்னாவில் மனநோய் விடுதியில் விட்டார்கள். தப்பிக்கப் பார்த்தவரைக் காவலர்கள் அடித்துக் கட்டிப் போட்டார்கள். காயம் சீழ் பிடித்து, ரத்தத்தில் விஷம் ஏறி, ஆகஸ்ட் 13ஆம் தேதி இறந்தார். வயது 47. தாய்மார்களை எந்த மாதிரி நோயில் இருந்து காப்பாற்றினாரோ அதே மாதிரி நோய்.

அவர் இறப்பதற்கு முதல் நாள்தான் கிளாஸ்கோ நகரத்தில் ஜோசப் லிஸ்டர், வண்டி ஏறிக் கால் உடைந்த ஒரு சிறுவனின் புண்ணில் கார்பாலிக் அமிலம் வைத்துக் கட்டி, சீழ் பிடிக்காமல் குணமாக்கத் தொடங்கினார். 1879இல் லூயி பாஸ்டர் பாரிஸ் கூட்டத்தில் பிரசவ ஜன்னியின் கிருமியைக் கரும்பலகையில் வரைந்தே காட்டினார். இப்போது புடாபெஸ்டில் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கே செம்மல்வைஸ் பெயர்தான், 1969இல் வைத்தார்கள்.

இதை எழுதி முடித்து அம்மாச்சிக்குப் படித்துக் காட்டினேன். அக்காவுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி கை கழுவினாங்களா என்று கேட்டேன். அம்மாச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்போது அவர்களுக்கு ஏழு வயதாம், வாசல் திண்ணையில் உட்கார வைத்துவிட்டார்களாம், உள்ளே நடந்தது எதையும் பார்க்கவில்லையாம்.